பட்டா போட்ட காய்ச்சல்

எங்கள் மதினியின் முழுப்பெயர் வியாகுலமேரி. வியாகுலம் என்றால் துயரம். பள்ளியில் பிள்ளைகளுக்கு இந்த மாதிரிச் சொற்களுக்குப் பொருள் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. பாடத்தை முடித்து வீடு திரும்பினால் அந்தத் துயரம் வாசலில் உட்கார்ந்து யாரையாவது கேலி பண்ணிக்கொண்டிருக்கும். என் அண்ணன் மரிய ஜோசப்பைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் அரைமணி நேரம் வாயை மூடி நான் பார்த்ததில்லை. நாத்தனார் என்ற முறையில் அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு. அதை நான் விட்டுக்கொடுப்பதாகவும் இல்லை. ஆனால் வியாகுலமேரி வீடு எது என்று எங்கள் ஊரில் வந்து கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். டெங்கு மேரி வீடு என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள்.

ஊர் சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் நடுவே, சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு பக்கம் திராட்சைப் பந்தல், ஒரு பக்கம் நெல். வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் கரை தொட்டு ஓடும். வீட்டுக் குழாயில் மட்டும் தண்ணீர் நினைத்தால்தான் வரும். அதனால் டிரம், சிமெண்டுத் தொட்டி, அண்டா, பழைய பெயிண்ட் வாளி என்று கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைப்போம். கொசுவும் அதிலேயே குடித்தனம் நடத்திப் பிள்ளைகுட்டி பெற்றுக்கொள்ளும். அண்ணன் ஜீப் ஓட்டுகிறான். விடியுமுன் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாகக் கேரளாவுக்குப் போனால் பொழுது சாயத் திரும்புவான். மதினிக்கும் அடுத்த வீட்டு ஜெசிக்கும் திராட்சைத் தோட்டத்தில் வேலை. இருவரும் ஒரே வருடம் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். இவர் வீட்டுக் குழம்பு கொதிக்கும்போதே அந்த வீட்டுக்குக் கிண்ணம் போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் மதினிக்குக் காய்ச்சல் வந்தது. எலும்பை உரலில் போட்டு இடிக்கிற மாதிரி வலிக்கிறது என்று அவர் அழுததை நான் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் டெங்கு என்று எழுதி வாங்கி வந்த முதல் ஆள் எங்கள் தெருவில் அவர்தான். ஒட்டுவாரொட்டி என்று யாரோ கிளப்பிவிட, அவர் வீடு திரும்பிய பிறகும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. ஜெசி மட்டும் கஞ்சிச் சட்டியோடு வந்து போனாள். "ஏ டீச்சரு, ஆளு வராத வீட்டுல காய்ச்சல விட ஏக்கம்தான் கொன்னுபோடும்" என்று மதினி அப்போது என்னிடம் சொன்னார். உடம்பு தேறியதும் அவர் எடுத்த முடிவு, காய்ச்சல் கண்ட எந்த வீட்டையும் தனியாக விடுவதில்லை என்பதுதான்.

அம்மை கண்ட வீட்டில் ஏற்கெனவே அம்மை பார்த்த ஆளைத்தான் துணைக்கு உட்கார வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பார்த்த உடம்பை அது மறுபடி அண்டாது என்பது கணக்கு. மதினி அந்தக் கணக்கை அப்படியே டெங்குக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார். எந்தச் சாதி, எந்தச் சாமி கும்பிடுகிற வீடு என்று பார்ப்பதில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். கஞ்சி காய்ச்சுவார், கை கால் பிடித்துவிடுவார், நிலவேம்புக் கஷாயத்தை மூக்கைப் பிடித்து ஊற்றுவார். உங்களுக்குப் பயமில்லையா என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"எனக்குத்தான் வந்து போயிருச்சே. அது பட்டா வாங்குன நெலம் மாதிரி. பெறகு எவன் வந்து கேக்க முடியும்?"

காய்ச்சல் விட்டது என்று தெரிந்தால் வேப்பிலை போட்டு வெந்நீர் வைத்து அவர் கையாலேயே தலைக்கு ஊற்றுவார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் நோய் வாசல் தாண்டிவிட்டது என்று பொருள். வீட்டில் மீன் வாங்குவார்கள். மதினிக்கும் ஒரு பங்கு வரும். இவ்வளவு நல்ல மனுஷியை அந்தப் பட்டா விஷயத்தில் மட்டும் திருத்த என்னால் முடியவில்லை. படித்தவள் பேச்சு பந்தலுக்கு உதவாது என்று சிரித்துவிட்டுப் போவார்.

போன வருடம் தேனியிலிருந்து ஒரு மருத்துவக் குழு வந்தது. இந்தப் பகுதியில் எத்தனை பேருக்கு டெங்கு வந்து போயிருக்கிறது என்று ரத்தத்தில் பார்க்கிறார்களாம். ஊசி என்றதும் ஊரே பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டது. மதினிதான் வீடு வீடாகப் போய்ப் பிடித்து இழுத்து வந்து கோயில் மண்டபத்தில் உட்கார வைத்தார். குழுவின் தலைவி தேவயானி டாக்டருக்கு அவரை ரொம்பவும் பிடித்துப்போனது.

சில வாரம் கழித்து முடிவைச் சொல்ல டாக்டர் திரும்ப வந்தார். பாதிப் பேருக்கு மேல் டெங்கு ஏற்கெனவே வந்து போயிருக்கிறது, பலருக்கு வந்ததே தெரியாது என்றார். பிறகு, "டெங்குல நாலு வகை இருக்கு. ஒரு வகை வந்து போனா அந்த வகை மறுபடி வராது" என்றார். அவ்வளவுதான், மண்டபம் கலகலத்துவிட்டது. நமக்கெல்லாம் பட்டா வந்துருச்சு என்று மதினி எழுந்து நின்று சொல்ல, ஒரே கைதட்டல். மற்ற மூன்று வகையும் வரலாம், இரண்டாவது தடவை வேறு வகை வந்தால் முதல் தடவையை விட மோசமாகக்கூட இருக்கும், உங்களுக்கு வந்தது எந்த வகை என்று இந்தப் பரிசோதனையில் தெரியாது என்று டாக்டர் சொன்ன மறுபாதி, டீ டம்ளர் சத்தத்தில் போய்விட்டது. முன் வரிசையில் இருந்த என் காதில் அது விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் மதினியிடம் சொன்னேன்.

"நாலு வகைன்னா என்ன டீச்சரு? பன்னீரும் திராட்சைதான், வெதையில்லாததும் திராட்சைதான். எல்லாம் ஒரு பந்தல்லதான் காய்க்குது" என்றார்.

"மதினி, டாக்டர் சொல்றாக..."

"டாக்டரு சொன்னத நானும் கேட்டேன். வராதுன்னு சொன்னாக."

போன ஐப்பசியில் மழை விட்டு விட்டுப் பெய்தது. ஜெசியின் ஒரே மகள் ஷெரினுக்குக் காய்ச்சல் கண்டது. உத்தமபாளையத்தில் கல்லூரியில் படிக்கிற பிள்ளை. வந்து போனவர்கள் என்று டாக்டர் சொன்ன ஆட்களில் அவளும் ஒருத்தி. எனக்கு அந்த வாரம் தேனியில் பயிற்சி வகுப்பு. அல்லிநகரத்தில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். நடந்ததை அண்ணனும் மதினியும் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜெசி முதலிலேயே கேட்டிருக்கிறாள்: "ஏ மேரி, தேனிக்குக் கூட்டிட்டுப் போயிரலாமாடி? ரத்தம் பாத்துட்டா மனசு ஆறும்."

"எதுக்குடி? அவளுக்குத்தான் வந்து போயிருச்சே. இது மழைக் காய்ச்சல். அங்கன போயி கூட்டத்துல நின்னா இல்லாததும் வந்து சேரும். நான் இருக்கேன்ல" என்று மதினி சொல்லியிருக்கிறார்.

அந்தக் கடைசிச் சொல்லை நம்பாதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. மதினி வேலைக்குப் போகாமல் ஷெரின் தலைமாட்டிலேயே இருந்தார். பெற்ற தாய்கூட அப்படிப் பார்த்திருக்க முடியாது. ஒரு நாள் காலையில் உடம்பு குளிர்ந்து காய்ச்சல் விட்டது. ஷெரின் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். மதினி வேப்பிலைத் தண்ணீர் காய்ச்சித் தலைக்கு ஊற்றி, சாம்பிராணி போட்டு முடியை உலர்த்திவிட்டார். ஜெசியின் வீட்டுக்காரர் சாலமன் மீன் வாங்கப் போனார்.

மத்தியானம் பிள்ளை வயிறு வலிக்கிறது என்றாள். சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. காய்ச்சலில் கிடந்த குடல், சட்டென்று ஏற்றுக்கொள்ளாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். வெயில் தாழும்போது ஷெரின் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் கண்ணை மட்டும் திறந்து மூடினாள். ஜெசி அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல்தான் விட்டுருச்சே மேரி, பெறகு ஏன்டி காலு இப்பிடிச் சில்லுன்னு இருக்கு?"

மதினியும் தொட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியவில்லை என்பது தெரிந்ததும் பயம் வந்துவிட்டது. தெருவுக்கு ஓடினார். அண்ணனின் ஜீப் அப்போதுதான் தோட்டத்து ஆட்களோடு திரும்பிக்கொண்டிருந்தது. நடு ரோட்டில் நின்று மறித்து, "எல்லாரும் எறங்குங்கய்யா, எறங்குங்க ஆத்தா" என்று கத்தியிருக்கிறார். இறங்கியவர்களே ஷெரினைத் தூக்கிக் கிடத்தினார்கள். அண்ணன் வழியில் எங்கும் நிறுத்தவில்லை.

போன் வந்து நான் தேனி பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஷெரினை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ரத்தக் குழாய்க்குள் இருக்க வேண்டிய நீர் வெளியே கசிந்து, ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது, டெங்குதான், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எங்கள் கையில் எதுவும் இருந்திருக்காது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். ஜெசி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மதினி நாலடி தள்ளி நின்றார். இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள் என்று நான் கூப்பிட்டும் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. அந்தப் பிள்ளைக்காக மட்டும் அழுதேன் என்று சொன்னால் பொய்.

ஷெரின் பிழைத்துக்கொண்டாள். குழாய்களெல்லாம் கழற்றி அவளைச் சாதா வார்டுக்கு மாற்றிய பிறகு தேவயானி டாக்டர் பார்க்க வந்தார். ஆஸ்பத்திரியில் ஷெரினிடம் ஆராய்ச்சிக்காக எடுத்த ரத்தத்தில் பார்த்தார்களாம். இப்போது வந்தது இரண்டாம் வகை. இதே பிள்ளைக்கு முன்பு தெரியாமல் வந்து போனது வேறு ஏதோ ஒன்றாக இருந்திருக்க வேண்டும் என்றார். மதினி அவரைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார்.

"நான் தலைக்குத் தண்ணி ஊத்துனதுனாலயா டாக்டரம்மா?"

"தண்ணி ஒண்ணும் செய்யலம்மா. காய்ச்சல் விட்டதும் நோயும் விட்டுருச்சுன்னு நினைச்சீங்க பாருங்க, அதுதான். டெங்குல காய்ச்சல் இறங்குற நேரந்தான் ஆளைக் கண்ணு எடுக்காமப் பாக்க வேண்டிய நேரம். வயித்து வலி, வாந்தி வந்தா உடனே இங்க வந்துரணும்."

"அப்ப வந்து போனவகளுக்கு வராதுன்னு..."

"அந்த வகை வராது. மத்தது வரும். நான் அன்னைக்கே சொன்னேனே மேரியம்மா."

மதினி தலையை ஆட்டினார். டாக்டர் போன பிறகும் ஆட்டிக்கொண்டே நின்றார்.

ஜெசி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மதினிக்குப் பாரம் குறைந்திருக்கும். அவள் திட்டவில்லை, பேசவே இல்லை. ஷெரின் வீடு வந்து சேர்ந்தாள். கிண்ணம் போவதும் வருவதும் நின்றது. தோட்டத்துக்கு ஜெசி வேறு ஆட்களோடு போனாள். சாலமன் நடுவில் வந்து, நீங்கள் நல்லதுக்குத்தான் சொன்னீர்கள் என்று மதினியிடம் சொல்லிப் பார்த்தார். அதற்கு மதினி, நல்லதுக்குச் சொன்னாலும் தப்பு தப்புதான் என்றார்.

அதன் பிறகு அவர் செய்தது எனக்குக்கூட முதலில் கிறுக்குத்தனமாகப் பட்டது. எந்தெந்த வீட்டில் பட்டாக் கதை சொன்னாரோ அந்தந்த வீட்டுக்கெல்லாம் திரும்பப் போனார். "நான் சொன்னது தப்பு ஆத்தா. நாலு சர்வே நம்பர் இருக்காம். நமக்கு ஒண்ணுக்குத்தான் பட்டா. அது எந்த நம்பர்னும் தெரியல. மத்த மூணும் எவன் வேணா ஏறி வரலாம்" என்றார். அந்த மண்டபத்தில் டாக்டர் இப்படிச் சொல்லியிருந்தால் ஊருக்கே விளங்கியிருக்கும்.

ஆனால் நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. கைதட்டி வாங்கிய பட்டாவைத் திருப்பிக் கொடுக்க ஒருத்தருக்கும் மனசில்லை. சிலர் அவருக்கு ஆறுதல் சொல்லி டீ கொடுத்து அனுப்பினார்கள். ஷெரினுக்கு முதலில் வந்ததே டெங்கு இல்லை, மிஷின் தப்பாகக் காட்டியிருக்கும் என்று ஒருவர் விளக்கம் சொன்னார். அந்தப் பிள்ளை எதையோ பார்த்துப் பயந்த கோளாறு என்றார் இன்னொருவர். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மதினி கோபப்படவில்லை. நான்தானே சொல்லி வைத்தேன் என்று மறுபடி மறுபடி போனார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து திரும்பும் வழியில், பின்தெருச் சங்கிலியம்மாளின் மருமகள் முத்துலட்சுமிக்குக் காய்ச்சல் என்றும் அன்று காலையில் விட்டுவிட்டது என்றும் தெரிந்தது. மதினி நேரே அங்கே நடந்தார். நானும் பின்னால் போனேன். சங்கிலியம்மாள் முற்றத்தில் அடுப்பு மூட்டி அண்டாவில் தண்ணீர் வைத்திருந்தார். மேலே வேப்பிலை மிதந்தது. உள்ளே முத்துலட்சுமி வாளியைப் பிடித்துக்கொண்டு ஓங்கரிப்பது வாசல்வரை கேட்டது.

"பெரியம்மா, தேனிக்குக் கெளம்புங்க. ஜீப்பு வீட்டுலதான் நிக்குது" என்றார் மதினி.

"எதுக்கு? காய்ச்சலே விட்டுருச்சு. இவளுக்கு முன்னமே வந்து போனது ஒனக்குத் தெரியாதா?"

"வந்து போனாலும் வரும் பெரியம்மா."

சங்கிலியம்மாள் விறகைக் கீழே போட்டார். "ஏன் ஆத்தா, இதே வாசல்ல நின்னு வராதுன்னு சொன்னவ நீதானே? இன்னைக்கி வரும்ங்கற. நாங்க எதத்தான் கேக்குறது?"

"அன்னைக்கிச் சொன்னது தப்பு."

"அப்ப இன்னைக்கிச் சொல்றது மட்டும் சரின்னு எப்பிடித் தெரியும்?"

வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். குழாயில் தண்ணீர் வந்திருந்ததால் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அதில் ஜெசியும் இருந்தாள். அவளைப் பார்த்ததும் மதினி தலையைக் குனிந்துகொண்டார். ஜெசி இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"இவ அன்னைக்கிச் சொன்னத நான் நம்புனேன்" என்றாள். குரல் உயரவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொன்ன என்னைய வேணாம்னு நிப்பாட்டுனது இவதான். தண்ணி ஊத்தி, மீனு வாங்கி, அதே அன்னைக்கே எம்பிள்ளையத் தூக்கிட்டு ஓடுனோம்." பிறகு மதினியைப் பார்த்துத் திரும்பினாள். "இல்லங்கறியா? சொல்லுடி இவுககிட்ட."

"ஆமா" என்றார் மதினி. "நான்தான் நிப்பாட்டுனேன். என்னாலதான் பிள்ளை சாகப் பாத்துச்சு."

அவர் அதை அத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னார். சங்கிலியம்மாள் ஜெசி முகத்தையும் மதினி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார். உள்ளே பார்த்து, "ஏலே, பொண்டாட்டியத் தூக்குடா" என்று மகனுக்குக் குரல் கொடுத்தார்.

மதியம் அண்ணன் போன் செய்தான். முத்துலட்சுமிக்கும் டெங்குதான், ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கியிருக்கின்றன, ஆனால் நேரத்துக்கு வந்துவிட்டார்கள், பயமில்லை என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னான். அதைக் கேட்டதும் மதினி எழுந்து ஜெசி வீட்டுக்குப் போனார். அத்தனை நாளாக மிதிக்காத வாசல். படி ஏறாமல் கீழேயே நின்றார். நான் எங்கள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர்தான்.

ஜெசி சிமெண்டுத் தொட்டியை வடித்துவிட்டு உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"முத்துலட்சுமி பொழச்சுக்கிருவாளாம்" என்றார் மதினி.

ஜெசி தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஒனக்கு அப்ப வந்தது எந்த வகைடி?" என்றாள்.

"யாரு கண்டா? சீட்டுல அதெல்லாம் எழுதல."

"அப்ப ஒனக்கும் மத்ததெல்லாம் பாக்கி இருக்குல்ல?"

"இருக்கும்."

ஜெசி நாரைத் தொட்டிக்குள் வீசி எறிந்தாள். "இருக்கும்ங்கற! தெரிஞ்சே காய்ச்சல் வீடு காய்ச்சல் வீடாப் போயிப் பாய் விரிச்சுப் படுக்குற. அங்கன இருக்கற கொசு டெங்கு மேரின்னு ஒனக்கு மரியாதை குடுக்குமா? ஒனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் யாருகூடடி பேசாம இருப்பேன்?"

மதினிக்குக் கண்ணீர் வந்தது. ஜெசி உள்ளே போய் சாலமனின் முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து வந்து அவர் மேல் போட்டாள். தோட்டத்தில் வெயிலுக்கும் இலைச் சுணைக்கும் பயந்து சேலைக்கு மேலே ஆண்கள் சட்டையை மாட்டிக்கொள்வது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பழக்கம்.

"போகாதன்னு சொன்னா கேக்க மாட்ட. இனிமே இதப் போட்டுட்டுப் போ."

மதினி அங்கேயே நின்று சட்டையைப் போட்டுக்கொண்டார். கைப்பொத்தானை மாட்டப் பார்த்தார். ஒற்றைக் கையால் மாட்ட வரவில்லை. ஜெசி படி இறங்கி வந்து ஈரக் கையாலேயே மாட்டிவிட்டாள்.